கழுவிப் போட்ட மண்

1

இந்தக் கதை ஓர் இலையில் தொடங்கியது. மாணிக்கம் தோண்டுகிற ஊரான குருவிட்டவில், ஒரு வீட்டு வேலியோரம் நின்ற தோடை என்கிற ஆரஞ்சு மரத்திலிருந்து அதைப் பறித்தேன். நரம்புகள் மட்டும் பச்சை; இடையெல்லாம் மஞ்சள். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கதை எழுத வேண்டியிருக்காது.

முதல் வரி இப்படி வந்தது: "மைமூனாவின் காணியில் ஏழு தோடை மரங்கள் பசியோடு நின்றன." மரத்தைச் சொல்லும் சாக்கில் மனுஷியைச் சொல்லப் பார்க்கிறேன் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. விட்டேன்.

அடுத்தது: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில், தேயிலை மலை முடிகிற இடத்தில், முக்தார் என்ற கல் வியாபாரி தன் மனைவியின் காணியில் ஒரு"

(இந்த வாக்கியத்தை முக்தார் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இதையும் விட்டேன்.)

2

நேராகவே சொல்கிறேன். காணி மைமூனாவுடையது, வாப்பா கொடுத்தது. குசினிப் பக்கம் ஒரு நாரத்தை மரம் நிற்கிறது; அது உம்மா நட்டது. கல்யாணமாகி வந்த முக்தார் மீதி நிலத்தில் மாணிக்கக் குழி வெட்டினார். சொல்லும்படி ஒரு கல்லும் அகப்படவில்லை. குழியை மூடி அதன்மேல் தோடங்கன்றுகள் வைத்தார். அவை தட்டுத்தடுமாறி வளர்ந்து, காய்க்க வேண்டிய பருவத்தில் மஞ்சளாகின.

மைமூனா அடுப்புச் சாம்பல் போட்டுப் பார்த்தாள். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினாள். முக்தார் கல் வியாபாரத்துக்காகப் பெல்மதுளை, கொழும்பு என்று போய்விடும் நாட்களில் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அன்றைய சங்கதியைச் சொன்னாள். சங்கதி இல்லாத நாளில் என்ன ஆக்கினாள் என்று சொன்னாள்.

(இந்த இடத்தில் கீழ்வீட்டில் ஸுலைஹா என்றொருத்தி இருந்தாள். மாடு வளர்ப்பவள், வாய்க்காரி. அவள் தலை தெரிந்தாலே பக்கம் கலகலத்துவிடும். எனக்கு வேண்டியிருந்தது தனிமை. அவளையும் தொழுவத்தையும் சேர்த்து ஒரே கோட்டில் அடித்துவிட்டேன்.)

3

"இந்த மழைக்கும் பூக்கல்லயெண்டா புடுங்கி எறியத்தான் ஈக்குது" என்றார் முக்தார், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நாரத்த நிக்கிற மூலையில குழி போடுவோம். அங்க இல்லம் ஈக்கும்போல."

இல்லம் என்பது கல் கிடக்கிற பருக்கை மண்.

"அது உம்மா வெச்ச மரம்."

"உம்மா வெச்சாப்போல கல்லு வேற எடத்துக்குப் போகுமா?"

"முந்தின குழியிலயும் ஈக்கும்போலெண்டுதான் சொன்னீங்க."

அவர் சிரித்துவிட்டார். "மரத்தோட பேசிப் பேசி ஒனக்கு நல்லா வாய் வந்திரிச்சு."

அவர் பார்த்திருக்கிறார் என்பது மைமூனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கிருந்து பார்த்தார்? எத்தனை தடவை? பார்த்துவிட்டு ஒருதரமாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே. கறிச்சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

4

நாரத்தை மூலையை அளக்க வேலுசாமி வந்தான். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டுவிட்டு மாணிக்கக் குழி வேலைக்கு வந்தவன்; பழைய குழியை வெட்டியதும் மூடியதும் அவனுடைய ஆட்கள்தான். மைமூனா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று தேநீரை நீட்டினாள்.

"வேலுசாமி, அந்தக் குழிய என்னத்தப் போட்டு மூடின?"

"அங்க தோண்டுன மண்ணத்தாங்கம்மா. வேற மண்ணுக்கு எங்கிட்டுப் போறது?"

"அப்ப கறுத்த மண்ணெல்லாம் எங்க?"

"அது அடியில கெடக்குதுங்க. மேமண்ணுல கல்லு இருக்காதுல்ல, அத மொதல்ல உள்ள தள்ளிட்டோம். ஆழத்து மண்ணத்தான் மொதலாளி விடல. கழுவு, இன்னொருக்கா கழுவுன்னு நின்னாரு. அரிசி களையிற கணக்கா களைஞ்சோம். கடைசியா அதைப் போட்டு மூடுனோம்." தேநீரை ஊதிக் குடித்தான். "அம்புட்டுச் சுத்தமான மண்ணு இந்த ஊருலயே கெடையாதுங்க."

தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டு அவன் சிரித்தான். மைமூனா கதவிடுக்கால் தோடை மரங்களைப் பார்த்தாள். இத்தனை காலமும் வெறும் சக்கையின் மேல் நின்றல்லவா அந்த மரங்கள் இவள் பேச்சைக் கேட்டிருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய சோறு இரண்டாள் ஆழத்தில், எந்த வேருக்கும் எட்டாமல் புதைந்து கிடக்கிறது.

5

இனி முடிவு.

ஒன்று: கறுத்த மண் மிஞ்சியிருப்பது நாரத்தையின் அடியில் மட்டும். அதை வெட்டிக் கூடை கூடையாகத் தோடைகளுக்குச் சுமக்கிறாள். ஏழும் பூக்கின்றன. வேர் வெளியே தெரிய நாரத்தை

(முடிக்க மனம் வரவில்லை.)

இன்னொன்று: அவள் நாரத்தையைத் தொடவில்லை. தோடைகள் பூக்கவில்லை. முக்தாரின் ஆட்கள் மண்வெட்டியோடு அதே மூலைக்கு வருகிறார்கள். சுற்றிச் சுற்றி அதே மரம்தான் போகிறது.

எரு வேண்டும். மழைக்கு முன் ஏழு மரத்தடிக்கும் போதுமான மக்கிய மாட்டெரு. இந்தக் கதையில் யாரிடம் மாடு இருக்கிறது என்று என் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். யாரிடமும் இல்லை. இருந்தவளை நான்தான் அடித்துவிட்டேன். ஒரு மினுங்கல் தனியே தெரிய வேண்டுமென்று எல்லாவற்றையும் கழுவி ஊற்றியிருக்கிறேன். முக்தாரைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

கோட்டுக்கு அடியில் பெயர் இன்னும் தெரிகிறது. ஸுலைஹாவைத் திரும்ப வைக்கிறேன். கீழ்வீட்டில், தொழுவத்துக்குள், குனிந்தபடி. வேலிக்கு இந்தப் பக்கம் மைமூனா, வெறுங்கூடையோடு. மரங்களோடு மட்டும் பேசிப் பழகிய தொண்டை. "ராத்தா" என்று, அக்காவைக் கூப்பிடுகிற அந்த ஒரு சொல் வெளியே வர வேண்டும். இல்லையென்றால் அங்கே குனிந்திருப்பவள் தானாக நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

இதை நான் எழுதக்கூடாது. எனக்குத் தனிமை நன்றாக வருகிறது. மறுபடியும் அதையே எழுதிவிடுவேன். நீங்கள் எழுதுங்கள்.

வேலி இடுப்பளவுதான். மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வருகிறது.