விக்டோரியா திருத்திய சால்வியா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பர்மிய நகரத்துப் பேட்டையான லான்மடாவில் எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில், கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார் விக்டோரியா. இரண்டாம் மாடியில் நான், பிரேம்நாத். அவர் பால்கனியில் சிவப்புச் சால்வியா, என் பால்கனியிலும் சிவப்புச் சால்வியா. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி ஆரம்பித்தேன்:

"இரு பால்கனிகளிலும் ஒரே பூ, இரு மனங்களிலும் ஒரே..."

[போதும். வெட்கமாக இருக்கிறது.]

2

இங்கே மாடி வீடுகளிலிருந்து தெருவரை கயிறு தொங்கும். நுனியில் கிளிப். பத்திரிகை, காய்கறி எல்லாம் அதில்தான் மேலே போகும். கீழிருந்து ஆட்டினால் மேலே மணி அடிக்கும். விக்டோரியாவின் கயிறு என் சன்னலை உரசிக்கொண்டு போகிறது. கதையை அதில் மாட்டி ஆட்டினேன்.

மறுநாள் கதை சிவப்பு மையோடு இறங்கியது. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் பாடம் எடுத்தவர், விடுவாரா? நான் எட்டிப் பார்த்தபோது, இந்த ஊர் மரியாதைப்படி பெயருக்கு முன் 'கோ' சேர்த்து மேலிருந்து சொன்னார்:

"கோ பிரேம், உங்களோடது ஸ்ப்ளெண்டென்ஸ். பூ உதிர்ந்தாலும் அதத் தாங்குற புல்லி சிவப்பாவே நிக்கும், இன்னும் பூத்திருக்கிற மாதிரி. என்னோடது காக்சினியா. புல்லி பச்சை. உதிர்ந்தா உதிர்ந்ததுதான். ஆனா விதை விழுந்த இடத்துல தானா முளைச்சுக்கும்."

3

அதன்பின் கதைசொல்லி மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியும், கேட்பவரிடமெல்லாம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு நிற்கும் இவன்...*

அன்று என் தொட்டியில் ஒரு புதுக் கன்று தெரிந்தது. களை என்று பிடுங்கப் போய், கையை எடுத்துக்கொண்டேன். மேலேயிருந்து விழுந்த விதை. இதை நான் கற்பனை செய்யவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

* "ஸ்ப்ளெண்டென்ஸ்" என்று முடிக்க நினைத்தேன். முடிக்கவில்லை.

4

நேற்றுக் கடைசிப் பக்கத்தை அனுப்பினேன். இரண்டு முடிவுகள், பிடிக்காததை அடித்துவிடலாம்:

(அ) இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இரண்டு தொட்டிகளும் ஒரே பால்கனியில்.

(ஆ) அவரவர் வீடு, அவரவர் பூ. கயிறு வழக்கம்போல ஏறி இறங்கும்.

(ஆ) வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. [பொய். இருக்கும்.]

5

காலை ஏழு மணி. கயிறு என் சன்னலுக்கு நேரே வந்து நிற்கிறது, கிளிப்பில் மடித்த தாள். தலையை நீட்டி மேலே பார்த்தேன். அவர் பால்கனியில் தொட்டியைக் காணோம்.

மாடிப்படியில் யாரோ கனமான எதையோ தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்கிறது.

தாளை நீங்களே பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள். நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும்.