நாற்பத்துமூன்று மூடை

மஹ்ரீனின் மூன்று வருட ஆராய்ச்சி நோட்டுகளுக்குப் பழைய பேப்பர் கடையில் சொன்ன விலை கிலோ நாலரை ரூபாய். வெடிக்குழாய் சுருட்டத் தோதான தாள் என்று சொல்லி அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு வந்தவர் அவளைப் பெற்ற முகம்மது நூகுதான். சும்மா சீண்டலுக்குத்தான். ஆனாலும், திடப்பொருள் திடமாகவே இருந்துகொண்டு உள்ளுக்குள் உருமாறுவதற்குச் சமன்பாடு எழுதும் மகளால் தன் உரக்கடைக்கு என்ன பிரயோசனம் என்ற கேள்வி அவருக்கு நிஜமாகவே இருந்தது.

2006 சித்திரையில் பதில் வந்தது. ஆமத்தூர் ரோட்டுக் குடோனில் நூற்றிருபது மூடை நைட்ரேட் உரம். மேலிருந்து எடுத்த நாலும் கல்லாய் இறுகியிருந்தன. உரக் கம்பெனிக்காரர் சீனிவாசகம் வந்து ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

"குடோன்ல ஈரம், பாய். இதுக்குக் கம்பெனி பொறுப்பாகாது."

நூகுவுக்குச் சுருக்கென்றது. சரக்கு போனால் போகட்டும். 'நூகு கடை மூடை காய்ஞ்ச மூடை' என்று முப்பது வருடமாக வாங்கிய பேர் சாத்தூர்வரை நாறிவிடும்.

மஹ்ரீன் நோட்டோடு வந்தாள். "ஈரம்னா தரையோட கெடக்குற மூடைதானே மொதல்ல இறுகணும்? இது வெக்கையோட வேலை. முப்பத்திரண்டு டிகிரி தாண்டுனா இந்த உப்பு உருகாமலே உள்ளுக்குள்ள வேற அடுக்குக்கு மாறி உப்பிக்கிரும். எறங்குனா சுருங்கிரும். இந்தத் தகரக் கூரைக்குக் கீழ தினம் இதே கூத்து. குருணை நொறுங்கி, தூளு ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிருது. வெக்கை எட்டாத உள்மூடை நல்லாத்தான் இருக்கும்."

"எம்புட்டு போயிருக்கும்?" என்றார் நூகு.

கூரைச் சூடு, மூடைக் கனம், நாள் கணக்கு எல்லாம் போட்டாள். "நாப்பத்திமூணு."

"சுமாராவா?"

"இல்ல அத்தா. நாப்பத்திமூணு."

"கிளி ஜோசியமால்ல இருக்கு," என்றார் சீனிவாசகம்.

"கிளிக்கு நெல்லு போடணும் சார். எம்மகளுக்கு அடுக்கை எறக்குனாப் போதும்." நூகு லோடுமேன் செல்லச்சாமியைக் கூப்பிட்டார்.

செல்லச்சாமி ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டார். இறுகியது தொம்மென்றது, நல்லது சரசரத்தது. மேல் வரிசைகளும் மேற்குச் சுவரோரமும் கல். நடுவும் அடியும் மணலாய் உதிர்ந்தன. முதலில் எடுத்த நாலோடு சேர்த்து இறுகியது நாற்பத்துமூன்று. நூகு மீசையைத் தடவுவதற்குள் வாசலோர அடிமூடை ஒன்று தொம்மென்றது.

"நாப்பத்திநாலு," என்றார் சீனிவாசகம், ஏலம் எடுத்தவர் போல.

மஹ்ரீன் அதைத் தொட்டுப் பார்த்தாள். "இது மட்டும் நசநசன்னு இருக்கு. அத்தா, தொழுகைக்கு முன்னால எங்கன நின்னு ஒளு செய்றீக?"

அவர் கைகால் கழுவும் செம்பு அந்த மூடைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. செல்லச்சாமி தலைத்துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அந்த ஒண்ணு என்னுது," என்றார் நூகு. "மத்ததுக்கு வாங்க. சாக்குல என்ன அச்சடிச்சிருக்கீக? ஈரம் படாமல் வைக்கவும். வச்சேன். வெக்கை படாமன்னு எங்கன போட்டிருக்கீக?"

சீனிவாசகம் சாக்கை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

மகள் பார்வையில் படும்படி, பெரிய எழுத்தில், நூகு பேரேட்டில் எழுதினார்: நல்லது எழுபத்தாறு. வெக்கையில் போனது, மஹ்ரீன் சொன்னபடி, கம்பெனி பொறுப்பு, நாற்பத்துமூன்று. ஒளுவில் போனது, சொந்தப் பொறுப்பு, ஒன்று. ஆக மூடை நூற்றிருபது.