சாமான் அறையின் அளவு

மருமகள் படுத்திருந்த அறை நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் சுருங்கியது. அதே அளவுக்குப் பக்கத்திலிருந்த கூடம் பெருத்தது. வெளிச்சுவர்கள் அசையவில்லை, இரண்டுக்கும் நடுவே இருந்த சுவர் மட்டும், கதவையும் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல் உள்ளே போனது. முதல் மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரும் அப்பா, வீடு இப்போதுதான் காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லிக் காலை நன்றாக நீட்டிக்கொண்டார்.

அளந்து கண்டுபிடித்தவள் அந்த வீட்டின் மகள். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டு உள்ளமைப்புப் படித்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டை அளந்து வரைவதும், அதில் இருப்பவர்களின் உடம்புக்கும் மனசுக்கும் ஏற்றபடி அதை மாற்றிக் காட்டுவதும் அந்தப் பருவத்தின் வேலை. முதல் அளவில் அறை பத்தடி, கூடம் பதினாறு. இரண்டு வாரம் கழித்து ஒன்பதும் பதினேழும். வரைபட ஆசிரியை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "வீட்டுக்குக் கால் முளைச்சிருக்கா? ஒழுங்கா டேப்பைப் பிடி" என்று திருப்பிக் கொடுத்தார். மகள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. மறுபடி அளந்தாள். எட்டும் பதினெட்டும் வந்தது. எப்படிக் கூட்டினாலும் இருபத்தாறு என்பதால் டேப்பில் கோளாறு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மருமகள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம். கணவன் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன். வருடத்துக்கு ஒரு மாதம் வருவான். அவள் வருவதற்கு முன் அது சாமான் அறை. வந்த பிறகு சாமான்களை ஓரமாகத் தள்ளிக் கட்டில் போட்டார்கள். பழைய பீரோ, தையல் மெஷின், மாவு டின், குடைகள் எல்லாம் அப்படியே நின்றன. அறை குறுகக் குறுக அவை கட்டிலை நெருக்கின. கூடத்தில் வந்து படுக்கச் சொன்னாள் மகள். "பரவாயில்லம்மா, படுக்க இடம் இருக்குல்ல" என்றாள் மருமகள். அம்மா கொத்தனாரை வரவழைத்தாள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, இதை இடித்தால் மேல்தளம் இறங்கிவிடும் என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அறை நாலடியாக இருந்தபோது, உள்பக்கம் திறக்கும் கதவு கட்டிலில் இடித்து நின்றுவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குமேல் திறக்கவில்லை. மருமகள் உள்ளே இருந்தாள். சுவர் அன்று அவசரம் காட்டியது. கால் மணிக்கு ஒரு விரற்கடை. கட்டிலின் கால் ஒன்று முறிந்த சத்தம் கேட்டது. அப்பா கூடத்துப் பக்கமிருந்து கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"அண்ணி, மூச்சு விட முடியுதா?"

"விட முடியுது. இழுக்கத்தான் சிரமமா இருக்கு."

மகள் திரும்பினாள். எதிர்ச்சுவரில், எல்லோரும் பார்க்கட்டும் என்று மூன்று மாதத்துக்கு முன் அவள் ஒட்டிய வரைபடம் இருந்தது. அந்த அறைக்குள் அழகான கையெழுத்தில் 'சாமான் அறை' என்று எழுதியிருந்தாள். அப்பா பார்த்தார், அம்மா பார்த்தாள், மருமகளும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போனாள். ஒருவரும் தப்பென்று சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய இருபத்தொரு கேள்விகளை அப்பாவிடம் கேட்டிருந்தாள், அம்மாவிடம் கேட்டிருந்தாள், கப்பலுக்குப் போன் போட்டு அண்ணனிடம் கேட்டிருந்தாள். பூனைக்குக்கூட ஒரு தாள் நிரப்பியிருந்தாள். சாமான் அறைக்கு மட்டும் சாமான்களின் பட்டியல் போதும் என்று விதி.

அவள் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு கதவிடுக்கில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, காலையில டீ எங்க உக்காந்து குடிப்பீங்க?"

"இந்த நேரத்துல என்னடி கேள்வி இது?"

"சொல்லுங்க அண்ணி."

"உக்காந்தா? அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டேதான்."

சுவர் நின்றது. மகள் எழுதிக்கொண்டாள்.

"கதவைச் சாத்திக்கிட்டு எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"சாத்தறதா? உங்கப்பா குடை எடுக்க வருவாரு. உங்கம்மா மாவு எடுக்க வருவாங்க. பூனை ஒண்ணுதான் வாசல்ல நின்னு பார்த்துட்டு வரும்."

அப்பா நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வெளிச்சம் போதுமா?"

"ஜன்னலைத்தான் பீரோ மறைச்சுக்கிட்டு நிக்குதே. பொழுது விடிஞ்சதே குக்கர் விசிலை வெச்சுத்தான் தெரியும்."

இருபது கேள்வி முடிய ஒரு மணி நேரம் ஆனது. சுவர் நகரவில்லை, திரும்பவும் இல்லை.

"கடைசி. சும்மா இருக்கணும்னு தோணினா எங்க போவீங்க?"

சுவர் மறுபடி நகர ஆரம்பித்தது. தையல் மெஷினின் சக்கரம் நசுங்குவது கேட்டது. மகளின் பேனா தாளிலேயே நின்றது.

"மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால. துணி காயப்போடற சாக்குல."

"அங்க என்ன பண்ணுவீங்க?"

"பாடுவேன். யாருக்கும் கேக்காது."

"எனக்குக் கேக்கும்" என்றாள் அம்மா, மகளுக்குப் பின்னாலிருந்து. "இத்தனை நாளா பக்கத்து வீட்டு ரேடியோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அவங்க வீட்டு ரேடியோ ரிப்பேராகி ரெண்டு வருஷம் ஆச்சு அத்தை" என்றாள் மருமகள். சுவர் ஒரு முழம் பின்வாங்கியது.

கதவு திறந்தது. அவள் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்து, கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா சுவரோரமாக நகர்ந்து நின்றுகொண்டார். "முதல்ல அந்த பீரோவை எடுங்க" என்றாள். எடுத்தார்கள். குடைகள் வாசலுக்கும் மாவு டின் சமையலறைக்கும் போயின. மகள் வரைபடத்தில் பழைய எழுத்தை அழித்துவிட்டு, என்ன எழுதட்டும் என்று கேட்டாள்.

"ஒண்ணும் எழுதாத. காலியா விடு."

பெயரில்லாத அறைக்காக ஆசிரியை இரண்டு மதிப்பெண் குறைத்தார். அந்த வருடம் விடுமுறையில் வந்த அண்ணன் பெட்டியோடு நின்று அறைக் கதவைத் தட்டினான். அறை இப்போது பன்னிரண்டடி, கூடம் பதினாலு. நிலையான அளவு என்று சொல்வதற்கில்லை. மருமகள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பாடினால் சுவர் இன்னும் ஒரு விரற்கடை கூடத்துக்குள் வரும். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மடக்கிக்கொள்வார்.