ஒரு சாண் காற்று

விசிறியின் கழுத்து மெல்லத் திரும்பி வருகிறது, பெரியக்கா, அண்ணன், சின்னக்கா என்று ஒவ்வொரு முகத்துக்கும் காற்றைக் கொடுத்துவிட்டு, சுவரோரம் படுத்திருக்கும் தமயந்திக்கு ஒரு சாண் இருக்கும்போதே டக்கென்று நின்று, வந்த வழியே திரும்பிப் போகிறது, செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பில் சித்திரை மாதத்து மத்தியானமெல்லாம் அப்படித்தான், கடைக்குட்டிக்கு எதுக்குடி காத்து, ஒல்லிக்குச்சி, பறந்துபோயிடுவே என்று அக்காமார் சிரிப்பார்கள், காற்று கிடைத்தவர்கள் தூங்கிப்போனார்கள், கிடைக்காதவள் விழித்துக்கொண்டு விசிறியையே பார்த்தாள், பச்சை இறக்கை, நசுங்கிய கம்பிக்கூடு, உடைந்த குமிழ், எல்லாம் மனப்பாடம், அவள் கலைஞி ஆன கதை இவ்வளவுதான், காற்று வந்திருந்தால் அவளும் தூங்கியிருப்பாள்.

அந்த விசிறிதான் இப்போது சென்னையில் ஒரு கலைக்கூடத்தில், வெள்ளைப் பீடத்தின்மேல், ஓடாமல், பிளக் தொங்க, தூசியோடு உட்கார்ந்திருக்கிறது, வேலை நின்றால்தான் ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியும் என்று பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள், மூன்று வருஷமாக எந்தப் பெரிய கண்காட்சியும் அவளைச் சீந்தவில்லை, இன்று பதினொரு மணிக்கு டெல்லிக் கண்காட்சிக்குப் படைப்புகளைப் பொறுக்கும் தேர்வாளர் ரங்கபாஷ்யம் வருகிறார், இந்த ஒன்றைத்தான் மலைபோல நம்பியிருக்கிறாள், பத்தே முக்காலுக்கு உள்ளே நுழைந்தால், அட கடவுளே, விசிறி ஓடுகிறது, தூசியைக் காணோம், முகத்தின் நடுவில் சந்தனம், குங்குமம், தண்டில் கதம்பச் சரம்.

என்ன பச்சையம்மா இது என்று கத்தினாள், கூடம் பெருக்கும் பச்சையம்மாள் பொரித் தட்டோடு வந்தாள், ஆயுத பூஜைம்மா, துடப்பம், வாளி, லிஃப்ட்டு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன், இது மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு நின்னுச்சு, பாவமா இருந்துச்சு, தொடச்சி, கழுத்துக்கு எண்ணெய் விட்டு, பிளக்க சொருவினேன், ஜம்முனு ஓடுது பாருங்க. தமயந்திக்கு அழுகை முட்டியது, முப்பது வருஷத்துத் தூசியை இனி எந்தக் கடையில் போய் வாங்குவது, பொட்டையாவது அழிப்போம் என்று கையை நீட்டுகிறாள், அதற்குள் ரங்கபாஷ்யம் வந்துவிட்டார், வெயிலில் வந்த மனிதர், காலர் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நேரே விசிறிமுன் போய் நின்று அப்பாடா என்றார், பிறகுதான் சுவரைப் படித்தார், ஆனா இது வேலை செய்யுதேம்மா என்றார். தொலைந்தது, எல்லாம் என் யோசனைதான் என்று சொல்லிவிடலாம், தமயந்திக்கு நாக்கு நுனிவரை வந்தது, பச்சையம்மாளின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை, நான் இதைச் சும்மா பார்க்கத்தான் வெச்சேன் சார், இவங்கதான் கும்பிட்டு ஓட விட்டாங்க என்றாள்.

ரங்கபாஷ்யம் தட்டிலிருந்து ஒரு கை பொரி அள்ளி மென்றார், மென்றுகொண்டே இருந்தார், அந்தச் சுவர் எழுத்தை எடுத்துடுங்க, விசிறி டெல்லிக்கு வரட்டும், பொட்டோட, ஓடிக்கிட்டே, இந்த அம்மா பேரையும் சேர்த்துப் போடுங்க என்றார். என் பேரா, ஐயே, எதுக்குங்க என்று பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தமயந்தி எழுத்தைக் கிழிக்கச் சுவரோரம் போனாள், விசிறியின் கழுத்து மெல்லத் திரும்பி வருகிறது, ரங்கபாஷ்யத்தைத் தாண்டி, பச்சையம்மாளைத் தாண்டி, வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல், எண்ணெய் குடித்த கழுத்தாயிற்றே, அந்த ஒரு சாணையும் கடந்து, அவள் முகத்தில் முழுசாக அடிக்கிறது, தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.