நவமியில் போட்ட ஊசி

என் புருஷன் ஆனந்தகுமாரின் வலது கையை ஒடித்தது நான்தான். வழுக்கி விழுந்தேன் என்று அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவன் சொல்லிக்கொண்டால் சொல்லட்டும், எனக்கென்ன.

மதுரையில் டாக்டரம்மா எங்களுக்காக மூன்று கருக்களை உண்டாக்கி உறையவைத்திருந்தார். கருவை உள்ளே வைப்பதற்குச் சில நாள் முன்னால், அவர் சொன்ன நேரத்தில் கருப்பையைத் தயார்செய்யும் ஊசியை வயிற்றில் நானே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் தடவை அந்த நாள் கரிநாள். மாமியார் ஒச்சம்மாள் மருந்தைப் பறித்து வைத்துக்கொண்டு மறுநாள்தான் கொடுத்தார். இரண்டாம் தடவை அஷ்டமி, அதே கூத்து. “நேரத்துக்குப் போட்டாச்சுன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிரு” என்றார். நானும் கூமுட்டையாக அப்படியே சொன்னேன். இரண்டு கருவும் தங்கவில்லை.

இரண்டு முறையும் ஆனந்தகுமார் காய்ந்த பருத்திச்செடிக் குச்சியான பருத்திமாரால் என் முதுகு கிழிய அடித்தான். தெருவுக்கே கேட்கும்படி மலடி என்று கத்தினான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பொறுத்ததில் எனக்குக் கிடைத்தது தழும்புதான்.

மிச்சம் இருந்தது ஒரே கரு. டாக்டரம்மா என் கருப்பையிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்.

“ஊசி போட்டதுலருந்து கருவை ஏத்துக்கிற நேரம் ஆளுக்கு ஆள் மாறும்மா. உனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வருது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஊசி. திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கரு வைக்கிறேன். நாள் தப்புச்சுன்னா இதுவும் போச்சு.”

இரண்டையும் நாங்களே கொன்றிருக்கிறோம்.

அந்தச் செவ்வாய் நவமி. “நாளைக்குப் போட்டுக்கிறலாம், முருகலட்சுமி” என்று மாமியார் மருந்துக்குக் கை நீட்டினார். தள்ளினேன். சுவரில் மோதி உட்கார்ந்தார். ஆனந்தகுமார் என் முடியைப் பிடித்து முகத்தை நிலைப்படியில் இடித்தான். ஒரு பல் ஆடிவிட்டது. ஊசி பிடித்திருந்த கையை அவன் முறுக்கியபோது, என் மற்றக் கைக்கு அம்மிக்குழவி அகப்பட்டது. ஓங்கி ஒரே போடு. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் தரையில் உருண்டு கத்த, ரத்தம் வழியும் வாயோடு சேலையை விலக்கி ஊசியை ஏற்றினேன். சரியாக மணி நாலு.

ஞாயிறு மாலை, மாவுக்கட்டோடு கிடந்தவனிடம் சம்மதப் படிவத்தை நீட்டினேன். புருஷன் சம்மதமில்லாமல் கரு வைக்க மாட்டார்கள்.

“கையத்தான் ஒடிச்சிட்டியே” என்று சிரித்தான்.

இடது கைப் பெருவிரல் போதும் என்று மைப்பெட்டியைத் திறந்தேன். அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த மாமியாரிடம் திரும்பினேன். “அத்தை, அந்த ரெண்டும் தானாச் சாகல. நீங்க நாள் பாத்துத் தள்ளிப்போட்டீக, நான் பயந்துபோயி டாக்டரம்மாகிட்டப் பொய் சொன்னேன். அதுலதான் செத்துச்சு. இப்ப மூணாவத உங்க மகன் கொல்லப்போறான்.”

ஒச்சம்மாள் எழுந்து மகன் கன்னத்தில் அறைந்தார்.

“அவள மலடின்னியேடா. கொன்னவ நான்டா.”

மாவுக்கட்டை முழங்கையால் அமுக்கினார். அவன் அலறினான். போர்வைக்குள்ளிருந்த கையை வெளியே இழுத்து, பெருவிரலை மையில் தோய்த்துப் படிவத்தில் அழுத்தினார்.

அப்போது மணி ஐந்து. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

“காலைல மதுரைக்கு மொதப் பஸ்ஸு எப்ப?” என்று மட்டும் கேட்டார்.