இடமாகத் திரும்பிய படகு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முழுக்க ஸ்வார்ட்சுண்ட் நீரிணையில் ஹால்வரின் பிணத்தைத் தேடிவிட்டு எங்கள் ஆட்கள் ஹெல்லேசுண்ட் துறைக்குத் திரும்பியபோது, ஹால்வர் துறைமேடையில் நின்று தன் படகைக் கட்டிக்கொண்டிருந்தான். சட்டை நனையவில்லை. இடது கையில் மட்டும் ஒரு கட்டு. படகுக்குக் கரண்டு எந்தக் கம்பத்திலிருந்து எடுக்கலாம் என்று லைவிடம் கேட்டான். லைவ் எங்கள் ஊர் இறால் படகுக்காரன், வாய் ஓயாதவன். அவன் கையிலிருந்த கொக்கிக் கம்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"நீதான் செத்துட்டியேப்பா," என்றான்.

"எப்போ?"

"இன்னைக்கு மத்தியானம். படகு மூக்குல நின்னு ஒன்னுக்குப் போனப்ப விழுந்துட்டியாம். உன் பொண்டாட்டி ரேடியோவுல அழுதா."

படகின் அறைக்குள்ளிருந்து குன்வோர் தலையை நீட்டினாள். கையில் காப்பிக் கெட்டில். "நான் யாரையும் கூப்பிடலையே," என்றாள். சொல்லும்போதே முகம் வெளுத்துவிட்டது. ஏனென்றால் இது அவளுக்கு மூன்றாவது துறை, மூன்றாவது சேதி.

ஹால்வர் முப்பது வருஷம் கார்களை ஏற்றிக்கொண்டு போகும் ஃபெர்ரியில் வேலை பார்த்தவன். அந்தக் கப்பலுக்கு இரண்டு பக்கமும் மூக்கு. இந்தக் கரையில் ஏற்றி அந்தக் கரையில் இறக்கி, அப்படியே பின்னால் வரும். திரும்பவே திரும்பாது. குன்வோர் வெளித்தீவு ஒன்றில் மீன்பிடிக்காரன் வீட்டில் பிறந்தவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய மர மோட்டார் படகை வாங்கி, 'தெர்னா' என்று பெயர் எழுதி, கோடை முழுக்கக் கரையோரமாக வடக்கே போவது என்று முடிவு செய்தார்கள். அவசரம் கிடையாது. சைக்கிள் வேகம். நாளுக்கொரு துறை, தூண்டிலில் மாட்டின மீன், காப்பி.

கிளம்பின அன்றே தப்பு நடந்துவிட்டது. துறையை விட்டுப் போகிற படகு சூரியன் போகிற பக்கமாக, வலமாகத் திரும்பித்தான் போக வேண்டும். எங்கள் கரையில் இது குழந்தைக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை வழியனுப்ப வந்த மச்சானின் படகு வலப்பக்கம் நின்றது. இடப்பக்கம் காலியாக இருந்தது.

"ஹால்வர், வலமா திருப்பு," என்றாள் குன்வோர்.

"அந்தப் பக்கம் திருப்ப எடம் ஏது?"

"பின்னால எடுத்துட்டுத் திருப்பு."

"முப்பது வருஷம் திரும்பாமலே போய் வந்தவன் நான். சூரியன் ஒரு நாளும் புகார் குடுக்கல."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் இடமாகத் திருப்பினான். கோடையில் எங்கள் கரையில் சூரியன் மறைவதில்லை, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், எல்லாவற்றையும் பார்க்கும். குன்வோர் அன்று காப்பி குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் க்ரோக்வீக் துறையில் இறங்கியதும் பெட்டிக்கடைக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். "காலைலதான போனீங்க, அதுக்குள்ள திரும்பிட்டீங்களா? மூடிக்காகவா?" என்று ஒரு சிவப்பு பிளாஸ்க் மூடியைக் கொடுத்தாள். குன்வோர் தன் பிளாஸ்க்கை எடுத்துப் பார்த்தாள். அதில் மூடி இருந்தது. இரண்டு மூடியிலும் ஒரே இடத்தில் ஒரே நசுங்கல், பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்தபோது பட்டது. நேற்றுச் சாயங்காலம் இவர்கள் வந்ததாகவும், ஹால்வர் பழைய பாட்டு ஒன்றைப் பாடியதாகவும் கடைக்காரி சொன்னாள். நேற்று அவர்கள் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹால்வர் யாரோ நம்மை மாதிரி இருக்கிறார்கள் என்றான். மறுநாள் காலை கடையில் காப்பி ஊற்றிக்கொண்டு கிளம்பும்போது குன்வோரின் மூடி மேஜை மேலேயே கிடந்தது. கால் படகில் வைத்தபின் அவளுக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். இரண்டு மூடியையும் ஒரே பெட்டியில் போட்டாள்.

திங்கள் சாயங்காலம் சாண்ட்வேர் துறையில் ஒரு மீனவன் மனைவி ஹால்வரின் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காலைல நான்தான கட்டுப் போட்டேன்? என்ஜின் குழாய்ல சுட்டுக்கிட்டியே, தோல் உரிஞ்சு போச்சே. எப்படிடா ஆறிச்சு?" ஹால்வர் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை என்ஜின் பக்கமே போகவில்லை. கனமான கையுறை போட்டுக்கொண்டு குன்வோரைக் கிளப்பச் சொன்னான். அவள் கிளப்பினாள். படகு ஒரு குலுக்குக் குலுக்கியது. அடுப்பிலிருந்த கெட்டில் சாய்ந்து கொதிக்கிற காப்பி அவன் கையுறைக்குள் இறங்கியது. அந்த அம்மாளே மறுபடியும் கட்டுப் போட்டாள்.

ஆக, தெர்னாவுக்கு ஒரு நாள் முன்னால் இன்னொரு தெர்னா போய்க்கொண்டிருந்தது. அதில் இதே இரண்டு பேர். அவர்களுக்கு இன்று நடப்பது இவர்களுக்கு நாளை. மூடி தப்பித்தது, கை தப்பிக்கவில்லை. மூன்றாவது சேதி எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் துறைக்கு அவர்கள் வந்து சேர்ந்த கதை இவ்வளவுதான்.

எங்கள் துறையில் விருந்தாளிப் படகுகளையும் கடையையும் பார்த்துக்கொள்பவள் யோருன். முந்தின நாள் சாயங்காலம் அந்த முதல் ஜோடிக்கு வாஃபிள் சுட்டுக் கொடுத்தவளே அவள்தான். அவள் உடனே வடக்கே அடுத்த துறைக்குப் போன் போட்டாள். ஆமாம், புருஷனைப் பறிகொடுத்தவள் இங்கேதான் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், படகும் இங்கேதான் என்றார்கள். யோருன் போனைக் குன்வோரிடம் நீட்டினாள். குன்வோர் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவளுடைய சத்தம்தான். சளி பிடித்தால் அவள் அப்படித்தான் உறிஞ்சுவாள். "யாரு?" என்று அவள் குரலே அவளைக் கேட்டது. குன்வோர் போனைப் பாம்பைப் போடுவதுபோல் போட்டாள்.

புதன்கிழமை ஹால்வரைத் தண்ணீர்ப் பக்கம் விடுவதில்லை என்று ஊர் தீர்மானித்தது. யோருனின் கடை பாறை மேல் இருக்கிறது, எந்தப் புயலிலும் அலை அங்கே வந்ததில்லை. கடைக்கு நடுவில், மாவு மூட்டைகளுக்கும் பழுப்புச் சீஸ் அலமாரிக்கும் இடையில், ஒரு மர நாற்காலியில் அவனை உட்கார வைத்தார்கள். குன்வோர் பக்கத்தில் நின்று அவன் காலரைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"எனக்கு ஒன்னுக்கு வருது," என்றான் ஹால்வர்.

"அடக்கு," என்றாள் குன்வோர்.

"முடியல."

"அதுலதான் நேத்து செத்த."

கடைசியில் லைவும் இன்னும் நாலு பேரும் அவனைச் சுற்றி நின்று கழிப்பறைக்குக் கூட்டிப் போனார்கள். லைவ் அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். "இந்த வயசுல உன்னை நிக்க வெச்சுப் புடிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஹால்வரும் சிரித்தான். பத்திரமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அத்தோடு கண்டம் போய்விட்டது என்று எல்லாருக்கும் ஒரு நிம்மதி. யோருன் காப்பி போடப் போனாள்.

ரேடியோவில் மத்தியானச் செய்தி தொடங்கியபோது ஹால்வர் தன் காலைப் பார்த்தான். "ஷூவுக்குள்ள ஜில்லுன்னு இருக்கு," என்றான். நாற்காலிக்கு அடியில் பலகைகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் வந்தது. கடல் தண்ணீர், கடற்பாசி வாடை அடித்தது. அது தரையில் பரவவில்லை. அவனைச் சுற்றி மட்டும் நின்றது, கண்ணாடி டம்ளரில் ஊற்றியதுபோல. ஒரு சாண் தள்ளி இருந்த மாவு மூட்டை நனையவில்லை. முழங்கால், தொடை, இடுப்பு. அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. லைவ் உள்ளே கையை விட்டு அவன் தோளைப் பிடித்து இழுத்தான். லைவின் கை தோள்வரை மரத்துப்போனது, ஹால்வர் அசையவில்லை. தண்ணீர் மார்புக்கு வந்தது. ரேடியோ காட் மீன் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது. யோருன் கதவைத் திறந்து வைத்தாள், தண்ணீர் வெளியே போகட்டும் என்று. அது கதவைக் கவனிக்கவே இல்லை.

குன்வோர் காலரை விடவில்லை. தண்ணீர் கழுத்துக்கு ஏறி அவள் விரல்களை மூடியது. தண்ணீர் மெல்லச் சுற்றுவதை அவள் கைதான் முதலில் உணர்ந்தது. அது இடமாகச் சுற்றியது.

"நாற்காலியப் புடிங்க!" என்று கத்தினாள். "திருப்பணும். வலமா! வெயில் போற பக்கமா!"

லைவ் நாற்காலியின் ஒரு காலையும் யோருன் இன்னொரு காலையும் பிடித்தார்கள். நாற்காலி நகரவில்லை, கடலுக்கடியில் நட்டு வைத்ததுபோல நின்றது. தண்ணீர் ஹால்வரின் தாடைக்கு வந்தது.

"நீயும் திரும்புடா! காலை ஊனித் திரும்பு!" என்றாள் குன்வோர்.

"எனக்குத் திரும்பத் தெரியாது," என்றான் ஹால்வர். அவன் அழுதுகொண்டிருந்தான். அதற்குள் தண்ணீர் வாயை மூடிவிட்டது. கண் மட்டும் குன்வோரைப் பார்த்தது. பிறகு அவன் வலது காலைத் தரையில் அழுத்தினான். நாற்காலி ஒரு விரல் அளவு நகர்ந்தது. எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம், முழுதாக ஒரு சுற்று. தண்ணீர் மார்புக்கு இறங்கியது. இன்னொரு சுற்றில் முழங்காலுக்கு. மூன்றாவது சுற்றில் பலகை இடுக்கு வழியாகப் போய்விட்டது. சீஸ் அலமாரிக்குக் கீழே ஒரு சின்ன நண்டு மட்டும் பக்கவாட்டில் நடந்தது. தரையில் நாற்காலிக் கால் கீறின வட்டம் இன்னும் இருக்கிறது, வருகிறவர்கள் அதில் கால் படாமல் தாண்டித்தான் மாவு எடுப்பார்கள்.

ஹால்வர் பிழைத்தான். ஆனால் குன்வோருக்குப் பயம் போகவில்லை. வடக்கே கம்பளி போர்த்திக்கொண்டு ஒருத்தி இருக்கிறாளே. அவள் வந்து கேட்டால் என்ன சொல்வது? வியாழக்கிழமை முழுக்க அவள் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஹால்வர் பக்கத்தில் வந்தால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், வராவிட்டால் கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை இன்னொரு தெர்னா வந்தது. படகை ஓட்டி வந்தவள் துறைக்குள் நுழைந்து வலமாகத் திருப்பி, இங்கே நின்ற தெர்னாவின் பக்கத்தில் கட்டினாள். அதே நீல ஸ்வெட்டர், அதே நரை. கண் மட்டும் வீங்கியிருந்தது. அவள் ஹால்வரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். குன்வோர் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"பயப்படாத," என்றாள் வந்தவள். "என்னோடது தண்ணிக்குள்ள இருக்கு. இது உன்னோடது."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"எங்க போவேன்? எனக்கும் அதே வீட்டுச் சாவிதான் இருக்கு."

வந்தவள் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். காப்பி கொட்டாமல் இருக்க அதன் வாயில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள். குன்வோர் அதைப் பார்த்தாள். படகுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து க்ரோக்வீக் மூடியைக் கொண்டுவந்து நீட்டினாள். மூடி சரியாகப் பொருந்தியது.

"கிளம்பறப்பவே நீ அவனைத் திட்டி வலமா திருப்ப வெச்சிருக்கணும்," என்றாள் வந்தவள், பிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டே. "நானும் திட்டல."

அவர்கள் மூவரும் தெற்கே திரும்பிப் போகவில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு மஞ்சள் வீட்டை வாங்கித் தங்கிவிட்டார்கள். பிந்தி வந்தவளை நாங்கள் 'முந்தின குன்வோர்' என்று கூப்பிடுவோம். நகராட்சிக்காரர்கள் கொஞ்ச நாள் குழம்பினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவள் மாடியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வந்து ஹால்வரோடு ஒரு கோப்பை காப்பி குடிப்பாள், அப்போது குன்வோர் தோட்டத்துக்குப் போய்விடுவாள். வருஷத்துக்கு ஒரு முறை, தன் புருஷன் செத்த நாளில், முந்தின குன்வோர் தனியாக ஸ்வார்ட்சுண்ட் போய் வருவாள். அன்றைக்கு ஹால்வரின் ஷூ வீட்டுக்குள்ளேயே நனையும். அவன் கழற்றி அடுப்புப் பக்கத்தில் வைப்பான், யாரிடமும் சொல்ல மாட்டான்.

பதினோரு வருஷம் போயிற்று. இறால் விலை இரண்டு மடங்கு ஏறியது. லைவின் மரத்துப்போன கை சரியாகவே இல்லை, அந்தக் கையால் அவன் ஐஸ் அள்ளுவான். ஒரு பிப்ரவரி விடியலில் ஹால்வர் படுக்கையிலேயே, காய்ந்த காலோடு, நெஞ்சு நின்று செத்துப்போனான். தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தோம். இரண்டு குன்வோர்களும் ஒரே மாதிரிக் கறுப்புக் கோட்டு போட்டு நின்றார்கள், பாதிரியார் இருவருக்கும் கை கொடுத்தார்.

சாயங்காலம் யோருன் சூப் கொண்டுபோனபோது குன்வோர் சமையலறை மேஜையில் அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுவுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாடியிலிருந்து முந்தின குன்வோர் இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள். பிளாஸ்க் மூடியைத் திருகிக் காப்பி ஊற்றினாள்.

"கழுவாத," என்றாள். "நான் அன்னைக்கே கழுவிட்டு ஒரு வருஷம் அழுதேன். மூணாவது நாள்தான் ரொம்ப மோசம். அன்னைக்கு நான் கீழயே படுத்துக்கறேன்."

கோடை வந்ததும் இருவரும் ஒரே தெர்னாவில் ஏறி வடக்கே கிளம்பினார்கள், விட்ட இடத்திலிருந்து. வலமாகத் திரும்பித்தான் போனார்கள். மற்ற தெர்னா இன்னும் எங்கள் துறையில் கட்டிக் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் யோருனிடம் கேட்கலாம், என்ஜின் நன்றாக ஓடுகிறது.