பேக்கப் எதுவும் இல்லை

டென்மார்க்கின் கெர்டெமின்டெ ஊரில் தோர்கில் வீட்டுக் கணினி ஒரு கடிதத்தைத் திறப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில், கோபன்ஹேகனில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்து, இன்னொன்று பதவியேற்று, அதுவும் கவிழ்ந்துவிடும். இதை மிகை என்பவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. காலை பத்து மணி வரைக்கும் அது ஒழுங்காகத்தான் இருக்கும். பத்து அடித்ததும் எங்கிருந்தோ ஒரு கறகற சத்தம் கிளம்பும். அதற்குப் பிறகு மவுஸை இந்தப் பக்கம் தள்ளினால், அம்பு அந்தப் பக்கம் போகலாமா வேண்டாமா என்று குடும்பத்தோடு கலந்து பேசிவிட்டுத்தான் நகரும்.

வேறு யார் வீட்டில் என்றாலும் பரவாயில்லை. தோர்கில் ஓடென்ஸ் நகரத்துக் கணினி நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் இயந்திரங்களை மேய்த்தவர். அலமாரி அளவு டிஸ்குகள் இருந்த காலத்தில், எது அடுத்த வாரம் சாகப்போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். டிஸ்க் இருமினால் இவருக்குத் தும்மல் வரும் என்று அங்கே பேச்சு. அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: எதைச் செய்தாலும் தலைப்பில் தேதி, கையெழுத்து, காரணம் மூன்றையும் எழுதாமல் செய்யக்கூடாது. ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. வீட்டுக் குளிர்பெட்டிக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: 'பல்பு மாற்றினேன். காரணம்: எரியவில்லை. தோ.பி.'

ஞாயிற்றுக்கிழமை அவர் பொறுமை முடிந்துபோனது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு மனைவியைக் கேட்டார்.

"போதில், நீ என் கம்ப்யூட்டர்ல எதையாவது தொட்டியா?"

போதில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"தொட்டிருப்பேன். எதையோ அமுக்கிட்டேன் போல."

"எதை?"

"எதையோ."

"எப்ப?"

"எப்பவோ. விடேன், தோர்கில்."

எதையோ, எப்பவோ! முப்பத்தெட்டு வருடத்தில் அப்படியொரு பதிலைச் சொன்னவனை அவர் விட்டதே இல்லை. அன்று போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் கடற்காகங்கள் ஸ்வீடன் பக்கம் போய்விட்டன. கடைசியில் சொல்லக்கூடாததையும் சொன்னார். "செஞ்சது என்னன்னே உனக்கு ஞாபகம் இல்ல. வயசாயிடுச்சு உனக்கு. மூளை மழுங்கிப்போச்சு." அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றினார். போதிலிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். அரசாங்கக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் அந்தக் கணினியில்தான் வந்து விழும்.

"என் கடிதமும் அதுலதானே வருது" என்றார் போதில்.

"நான் படிச்சுச் சொல்றேன்."

போதில் தையல் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். திங்கட்கிழமை முழுக்க அந்த வீட்டில் பேசியது வானொலி மட்டும்தான்.

தோர்கிலுக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் உறுத்தலைவிடப் பெரியதாக ஒன்று வேண்டியிருந்தது: ஆதாரம். எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பொத்தான். அதை அச்சடித்து மேசைமேல் வைத்துவிட்டால், தான் கத்தியது நியாயம் என்று ஆகிவிடும். அதற்கு ஒரு சாட்சியும் தேவை. செவ்வாய்க்கிழமை போதில் துண்டும் தொப்பியுமாகக் கடலில் குளிக்கக் கிளம்பிப் போனதும், எப்பெயைக் கூப்பிட்டார்.

எப்பெயும் பழைய கணினி நிலையத்து ஆள்தான். நாற்பது வருடமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே சேர்ந்து கிழவர்களானவர்கள். பெப்ரவரியில் மட்டும் கிடைக்கும் க்ரீம் பன் ஆறு வாங்கியிருந்தார்; வந்து சேரும்போது பெட்டியில் நாலு இருந்தது, மூக்கில் க்ரீம் இருந்தது.

"என்னடா, பெரிய டாக்டரே வைத்தியத்துக்கு ஆள் தேடுறார்?"

"வைத்தியத்துக்கு இல்லடா. பிரேதப் பரிசோதனைக்கு. போதில் என்ன பண்ணினான்னு கண்டுபிடிக்கணும்."

"அதான் அவளே பண்ணினேன்னு ஒத்துக்கிட்டாளாமே."

"ஒத்துக்கிட்டா போதுமா? விவரம் வேணாமா?"

"நாற்பத்தாறு வருஷம் உன்கூட குடித்தனம் பண்ணினவகிட்ட விவரம் கேக்குறான் பாரு" என்று சொல்லி எப்பெ நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, டாஸ்க் மேனேஜரைத் திற. நாம சாகறதுக்குள்ள திறக்குதான்னு பாப்போம்."

ஒரு பன் தீர்ந்தபோது அது திறந்தது. பிராசசர் நாலு சதவீதம். நினைவகம் முப்பது. டிஸ்க் நூறு. அந்த நூறு சிவந்த கட்டத்தில் அசையாமல் நின்றது.

"கோப்பு தேடுற அட்டவணை ஓடுதோ?" என்றார் எப்பெ.

"நிறுத்தி வெச்சிருக்கேன்."

"அப்டேட்?"

"நேத்தே முடிஞ்சுது."

"வைரஸ் சோதனை?"

"அது வியாழக்கிழமை."

"டிஸ்கே சாகப்போகுதோ என்னவோ."

"நேத்து சோதிச்சுட்டேன். கல்லு மாதிரி இருக்கு. நமக்கெல்லாம் அப்புறம்தான் அது சாகும். ஊகிக்காதேடா எப்பெ. பார்."

யார் டிஸ்கை அதிகம் தின்கிறார்கள் என்ற வரிசைப்படி பட்டியலை மாற்றினார். ஒரே பெயர் மேலிருந்து கீழே வரிசையாக வந்து நின்றது. கோப்புகளை நகல் எடுக்கும் சின்ன நிரல். ஒன்றல்ல, பக்கம் முழுக்க. எப்பெ விரல் வைத்து எண்ணினார்.

"இருபத்தேழு. டேய், உன் வீட்டுல நகல் எடுக்க இருபத்தேழு குமாஸ்தா வேலை பாக்குறான். சம்பளம் யாரு குடுக்கறது?"

"பத்து மணிக்கு எல்லாம் ஒண்ணா கிளம்புது. அதான் கறகறன்னு சத்தம்." தோர்கிலின் முகம் மலர்ந்துவிட்டது. பழைய வேட்டை நாய் மோப்பம் பிடித்துவிட்டது. "ஸ்கேன் பண்ணி வெச்ச பதினாலாயிரம் ஸ்லைடு படம் இருக்கு. ஒவ்வொருத்தனும் பதினாலாயிரத்தையும் தொட்டுப் பாத்து, புதுசா எது இருக்குன்னு தேடுறான். பாவம், ஒரு டிஸ்க் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லும்? அக்டோபர்ல நான்தான் ஒரு பேக்கப் போட்டு வெச்சேன். ஒண்ணே ஒண்ணு. அதை எங்கேயோ தொட்டு இருபத்தேழு ஆக்கிட்டா. மாட்டினாடா!"

நேரம் வைத்து நிரல்களைக் கிளப்பும் பட்டியலை அவர் திறந்து பார்த்ததே கிடையாது. திரையில் ஜன்னலையும் படத்தையும் அழுத்தி வேலை செய்கிறவர்கள் சோம்பேறிகள் என்பது அவர் கட்சி. கட்டளை எல்லாவற்றையும் கையால் தட்டி எழுதுவார். இன்று திறந்தார். இருபத்தேழு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்டாக்கிய நாளும் நேரமும். தோர்கில் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு, குற்றப்பத்திரிகை போல எழுதத் தொடங்கினார்.

"அக்டோபர் இருபத்தொண்ணு, செவ்வாய், பத்து இருபது. இது நான் போட்டது. அடுத்தது அதே வாரம், வெள்ளி, பத்து நாற்பது. அப்புறம் செவ்வாய், பத்து பதினைந்து. அப்புறம் வெள்ளி..."

எப்பெ வாயிலிருந்த பன்னை மெல்லுவதை நிறுத்தினார்.

"தோர்கில்."

"இரு, இரு. அடுத்தது செவ்வாய்..."

"செவ்வாயும் வெள்ளியும் இந்த நேரத்துல போதில் கடல்லதானே இருப்பா?"

பேனா நின்றது. கூடத்துக் கடிகாரத்தில் பத்தே முக்கால். செவ்வாய்க்கிழமை. போதில் வீட்டில் இல்லை. வாரத்தில் இந்த இரண்டு காலை மட்டும்தான் தோர்கில் தனியாக இருப்பார்.

"ஒரு கோப்பைத் திறந்து பாரேன்" என்று சொல்ல வாயெடுத்த எப்பெ, சொல்லவில்லை. தோர்கிலே திறந்தார். அவருடைய சட்டப்படி, நிரலின் தலைப்பில் மூன்று விஷயங்களும் இருந்தன.

'தேதி: அக்டோபர் 24. தோ.பி. காரணம்: சோதித்துப் பார்த்தேன். ஸ்லைடு படங்களுக்கு பேக்கப் எதுவும் இல்லை. இன்று ஏற்படுத்தினேன். இனிமேல் கவலை இல்லை. மத்தியானம் போதிலிடம் சொல்ல வேண்டும்.'

அடுத்ததைத் திறந்தார். தேதி வேறு. தோ.பி. பேக்கப் எதுவும் இல்லை. இன்று ஏற்படுத்தினேன். இனிமேல் கவலை இல்லை. மத்தியானம் போதிலிடம் சொல்ல வேண்டும். அடுத்தது. அடுத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் இரண்டு. கடைசியாகப் போன வெள்ளிக்கிழமை. போன வெள்ளிக்கிழமை என்ன செய்தோம் என்று தேடிப் பார்த்தார். வாசலில் பனி வாரிக் கொட்டியது நினைவிருந்தது. அதற்குப் பிறகு காபி குடித்தது கிடைத்தது. நடுவில் இருந்த ஒரு மணி நேரத்தைக் காணவில்லை.

எப்பெ கையிலிருந்த பன்னைப் பெட்டியில் வைத்தார்.

"வைரஸ்டா இது. இப்பல்லாம் இப்படித்தான் வருது. நம்ம பேர்லயே எழுதி வெச்சுட்டுப் போயிடும். குடு இப்படி, ஒரு நிமிஷத்துல அழிச்சுத் தரேன்."

"எந்த வைரஸ்டா என் படத்துக்காகக் கவலைப்படும்?"

எப்பெ நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"அதுல ஒண்ணு எனக்கு ஞாபகம் இருக்கு. அக்டோபர்ல மொதல்ல போட்டது. அன்னிக்கு மத்தியானம் மீன் வறுத்திருந்தா. பேக்கப் போட்டுட்டேன்னு சொன்னேன். நல்லதாப் போச்சுன்னா." தோர்கில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மத்த இருபத்தாறு மத்தியானமும் சொல்லியிருப்பேன் இல்ல?"

"அது எப்படிடா எனக்குத் தெரியும்."

"சொல்லியிருப்பேன். எழுதினதைச் செய்யாம விட்டவன் இல்ல நான்." சட்டென்று எழுந்தார். "வண்டியை எடு. கடற்கரைக்குப் போகணும்."

"அவளே இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவாளே."

"அதுக்குள்ள எனக்கு மறந்துபோச்சுன்னா?"

எப்பெ சாவியைத் தேடவில்லை. அது கையிலேயே இருந்தது.

குளிப்பவர்கள் சங்கத்து மரப்பாலத்தில் காற்று கத்தி வீசியது. தண்ணீர் இரண்டு டிகிரி. அதில் இறங்குகிற மீன்கூட ஸ்வெட்டர் கேட்கும். நீராவி அறைக் கதவு திறந்து, எழுபது வயதுக்கு மேற்பட்ட ஐந்தாறு பெண்கள் வேகவைத்த நண்டு நிறத்தில் புகைந்துகொண்டே வெளியே வந்தார்கள். அங்கியைச் சுற்றிக்கொண்டு கடைசியாக வந்த போதில், பாலத்தின் நடுவில் வீட்டுச் செருப்போடு நிற்கும் கணவரைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? செருப்பு நனைஞ்சிருக்கு பார்."

"நீ எதையும் அமுக்கல" என்றார் தோர்கில்.

போதில் அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"இருபத்தேழு தடவை நான்தான் போட்டிருக்கேன். தேதியோட பாத்துட்டேன். நீ ஏன் தொட்டேன்னு சொன்ன?"

"யாராவது தொட்டிருக்கணும்னு நின்ன. நான் இல்லேன்னா, இருக்கறது நீ ஒருத்தன்தான்."

"மத்தியானத்துல நான் சொல்லுவேனா? ஒவ்வொரு தடவையும்?"

"சொல்லுவ."

"நீ என்ன சொல்லுவ?"

"நல்லதாப் போச்சுன்னு சொல்லுவேன்." போதிலின் பற்கள் குளிரில் தந்தியடித்தன. "மொதல்ல ரெண்டு மூணு தடவை, முன்னாடியே சொன்னியேன்னு சொல்லிப் பாத்தேன். உன் முகம் போன போக்கைப் பாத்து விட்டுட்டேன். அப்படி சந்தோஷமா வந்து சொல்லுவ தோர்கில். படமெல்லாம் பத்திரம், இனி கவலையே இல்லேன்னு. அதைப் போய் எப்படிக் கெடுக்கறது?"

"உனக்கு மூளை மழுங்கிப்போச்சுன்னேனே."

"ஆமா. சொன்ன."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்தது, வெளியே வரவில்லை. போதில் ஈரக் கையை நீட்டி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பாலத்தின் முனையில் எப்பெ முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒரு படகைக்கூடக் காணாத கடலை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜனவரியில டாக்டருக்கு எழுதிக் கேட்டிருந்தேன்" என்றார் போதில். "உன்னைக் கேக்காம எழுதினது தப்புதான். பதில் வந்திருக்கும். பாக்கலாம்னா, நீதான் பூட்டி வெச்சிருக்கியே."

வீடு திரும்பியதும் தோர்கில் அந்தப் பட்டியலை அவருக்குக் காட்டப் போனார். வேண்டாம், எனக்குத் தெரியும் என்று போதில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எப்பெ கணினியின் முன் உட்கார்ந்தார்.

"எதை வெச்சுக்கட்டும்டா?"

"அக்டோபர் இருபத்தொண்ணு. அது நிஜமாவே நான் போட்டது."

இருபத்தாறையும் எப்பெ ஒவ்வொன்றாக அழித்தார். கறகற சத்தம் இளைத்து இளைத்து நின்றது. சிவந்த நூறு எண்பதானது, முப்பதானது, இரண்டில் வந்து நின்றது. சாதாரண நாளாக இருந்தால் தோர்கில் இதற்கு ஒரு பாட்டில் திறந்திருப்பார். எப்பெ கோட்டை மாட்டிக்கொண்டு, மிச்ச பன்னை மேசையிலேயே வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

தோர்கில் புதுக் கடவுச்சொல்லை உரக்கச் சொல்ல, போதில் எழுதிக்கொண்டார். கடிதப் பெட்டியில் டாக்டரின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அழுத்தினால் திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம், அதற்குள் மூச்சைச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று தோர்கில் எண்ணியிருந்தார். விரலை எடுப்பதற்குள் கடிதம் திரை முழுக்க விரிந்துவிட்டது. அவர் தன்னையறியாமல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"படி" என்றார். "நான் கண்ணாடி போடல."

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. போதில் படித்தார்.

"வியாழக்கிழமை, ஒன்பதே கால். ரெண்டு பேரும் சேர்ந்து வரணுமாம். நினைவாற்றல் சோதனை ஒண்ணு இருக்காம், ஒரு மணி நேரம் ஆகுமாம்."

"அன்னிக்கு உனக்கு கடல் இல்லையே?"

"இல்ல. வியாழக்கிழமை இல்ல."

"அப்ப சரி" என்றார் தோர்கில்.